பன்னிரண்டாவது உப்பங்கழி

ராயப்பன் வரைந்த படத்தை யாருமே வரையவில்லை என்று விழுப்புரத்திலிருந்து போன் வந்தபோது, ராயப்பன் ஒரு மேகத்தின் அடிவயிற்றில் இளஞ்சிவப்பு தடவிக்கொண்டிருந்தார்.

போனைக் கேட்ட முதலாளி குணபத்திரன் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு, உட்கார்ந்தது பிடிக்காதவர்போல மறுபடி எழுந்தார். திண்டிவனம் மரக்காணம் ரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில், வெளிநாட்டு ஓவியர்களின் படங்களைக் கையால் நகல் வரைந்து விற்கும் பட்டறை அவருடையது. ‘கையால்’ என்ற சொல்லை மட்டும் வாசல் போர்டில் மற்ற எழுத்துகளைவிட ஒரு சாண் பெரிதாகப் போட்டிருந்தார்.

“ராயப்பண்ணே, அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு நீங்க வரைஞ்ச பன்னெண்டு படம் போச்சே, அதுல ஒண்ணு பிரிண்ட்டுன்றாங்க.”

“எது சார்?”

“பன்னெண்டாவது. மிஷின்ல அடிச்சதாம்.”

ராயப்பனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது.

அவர் நகல் எடுப்பது நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இருந்த ஒருவரை. கடலோர உப்பங்கழி, அதில் தேங்கிய தண்ணீர், அறுத்துக் குவித்த புல்போர், மேலே வானம், இவ்வளவையே அந்த மனிதர் ஆயுசு முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்திருந்தார். பெயர் பட்டறையில் யார் வாயிலும் நுழையாததால் ‘வைக்கப்போர்காரரு’ என்று வைத்துக்கொண்டார்கள். அவருக்கும் அவரைச் சேர்ந்த ஓவியர்களுக்கும் வெளிச்சம்தான் சாமி. மரம், மாடு, மனிதன் எல்லாம் வெளிச்சம் வந்து உட்கார்ந்து போவதற்கான திண்டு தலையணை. அதிலும் ஒரு கண்டிஷன்: பிரஷ் போன தடம் எங்கேயும் தெரியக்கூடாது. காற்றே வந்து வண்ணம் பூசிவிட்டுச் சொல்லாமல் போனமாதிரி இருக்க வேண்டும்.

இருபத்தைந்து வருடம் சுவரில் எல்லாக் கட்சிச் சின்னத்தையும், ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்பதையும் பத்தடி தூரத்தில் பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியும்படி எழுதிய கை, தடம் தெரியாமல் வரையப் பழகுவதற்கு மூன்று வருடம் ஆனது. பழகிய பிறகு ராயப்பனை மிஞ்ச ஆள் இல்லை. அவரே சொல்லிக்கொள்வார்: “நான் வேலை செஞ்சேன்னு தெரியாம வேலை செய்யறதுக்குத்தான் எனக்கு சம்பளம்.”

அதனால்தான் சிரித்தார்.

குணபத்திரன் சிரிக்கவில்லை. “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நிரூபிக்கலன்னா பன்னெண்டையும் கழட்டி அனுப்பிடுவாங்களாம். ஒண்ணு பொய்னா பன்னெண்டும் பொய்தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கெளம்புங்க.”

“நான் எதுக்கு சார்?”

“வரைஞ்சவரு நீங்கதானே. நான் போய் இன்னாத்த நிரூபிக்கறது, எனக்கு வட்டம் போடவே காம்பஸ் வேணும்.”

கார் கூட்டேரிப்பட்டை நெருங்கியது. அங்கே ஒரு டீ குடிக்கலாம் என்று ராயப்பன் கண்ணால் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். கார் நிற்கவில்லை.

“அந்த டாக்டரம்மா ஞானமதி எங்க ஆளுங்கதான்,” என்றார் குணபத்திரன். “மேல்சித்தாமூர் ஜைன கோயில்ல தேரன்னிக்கி எங்கம்மா பக்கத்துலதான் நிப்பாங்க. ‘உம் புள்ள எனக்கு மிஷின்ல அடிச்சதைக் கையால வரைஞ்சதுன்னு வித்தான்’னு ஒரு வார்த்த போட்டாங்கன்னு வைங்க, எங்கம்மா அந்தத் தேரு சக்கரத்துலயே படுத்துக்கும். அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சிகினு கையால கையாலன்னு போர்டு மாட்டறது. பட்டறைய மூடிட்டு டயர் கடைல பஞ்சர் போடவேண்டியதுதான்.”

“சார், என் கை எனக்குத் தெரியாதா. போய் ஒரு நிமிசத்துல முடிச்சிட்டு வந்துடலாம். வர்றப்போ டீ.”

ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் ஞாயிற்றுக்கிழமை திறப்பதாக இருந்தது. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டவர்கள் உட்காரும் நீளமான கூடத்தில் பன்னிரண்டு படங்களும் வரிசையாக மாட்டியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு எதற்குப் படம் என்று ராயப்பனுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் பன்னிரண்டையும் ஒரே இடத்தில் பார்த்தபோது அந்தச் சந்தேகம் போய்விட்டது. விடியற்காலை, உச்சிவெயில், மழைக்கு முன், மழைக்குப் பின் என்று சுவர் நெடுகப் பொழுது ஏறி இறங்கியது. கடைசியில் பன்னிரண்டாவது. சாயங்கால மழை விட்ட நேரம், மூன்று புல்போர்கள், மூன்றாவதன் பின்னால் சன்னமாக ஒரு மஞ்சள். நாற்பத்தோரு நாள் வேலை.

ராயப்பன் அதன்முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தான் வரைந்ததைத் தானே ரசிப்பது நல்ல பழக்கம் இல்லைதான். இருந்தாலும் கொஞ்ச நேரம் ரசித்தார்.

“இதான் மேடம் பன்னெண்டுலயும் பெஸ்ட்டு,” என்றார்.

டாக்டர் ஞானமதி ஐம்பது வயதைத் தாண்டியவர். உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. “இதுதான் பிரிண்ட்,” என்றார்.

“மேடம், ஒரு நிமிசம்.” ராயப்பன் படத்தை ஆணியிலிருந்து இறக்கித் திருப்பினார். சட்டத்தின் கீழ்க்கட்டையில் பட்டறையின் நம்பர் இருந்தது. அதன் பக்கத்தில் நகக்கண் அளவுக்குக் கத்தியால் கீறிய ஒரு சிலுவை. மாதா கோயில் சொரூபங்களுக்கு வண்ணம் பூசிய காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. வேலை தொடங்கும் முன் கட்டையில் சிலுவை கீறாமல் அவர் கை பிரஷ்ஷைத் தொடாது.

“பாருங்க. என் சிலுவ. நான் கீறுனது. இந்தப் படம் என் கையால வரைஞ்சது. வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம்.”

பழைய கட்டடத்தில் இடம் போதாமல் திறப்புக்கு முன்பே கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்த, கண்ணை மூடிய நாலைந்து பேரில் ஒரு கிழவர், சத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றார். நர்ஸ் உட்காரவைத்தார்.

“சட்டம் உங்களோடதுதான்னு நானும் ஒத்துக்கறேன்,” என்றார் டாக்டர். “நான் படத்தப் பத்திக் கேட்டேன்.”

ராயப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் அவர் வேகமாகப் பேசுவார், அவசரமாகக் கையை நீட்டுவார். “சரி மேடம். இதப் பாருங்க. மூணாவது போருக்கு மேல, வானத்துல. ஒரு முடி தெரியுதா? சின்னதா, வளைஞ்சி. அது அணில்முடி. என் பிரஷ்ஷுல இருந்து ஒண்ணு வந்து ஈரத்துல ஒட்டிகிச்சி. காய்ஞ்சப்புறம்தான் பாத்தேன். புடுங்குனா வானம் கிழியும்னு உட்டுட்டேன். மிஷினுக்கு முடி கொட்டுமா மேடம்? எங்க, இப்ப எடுத்துக் காட்டறேன்.”

நகத்தை வைத்து முடியின் நுனியைக் கிளப்பினார்.

நகம் வழுக்கியது.

மறுபடி வைத்தார். முடி இருந்தது. நிழலோடு இருந்தது. ஆனால் நகத்துக்கு அகப்படவில்லை. விரல் நுனியால் தடவிப் பார்த்தார். வானம் எப்படி வழவழவென்று இருந்ததோ அதே வழவழப்பு முடியிலும் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊரும் எறும்பைப் பிடிக்கப் போனவர் மாதிரி அவர் விரல் அங்கேயே இரண்டு மூன்று தடவை போய்ப் போய் வந்தது.

டாக்டர் கோட்டுப் பையிலிருந்து ஒரு குண்டு லென்ஸை எடுத்து நீட்டினார். நோயாளிகளின் கண்ணுக்குள் பார்ப்பது அது. படத்தில் பிரஷ்ஷின் தடமே இல்லையே, எப்படி மறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் பன்னிரண்டையும் அதை வைத்துப் பார்த்தாராம். பதினொன்றில் வண்ணம் இருந்தது.

ராயப்பன் லென்ஸை முடிமேல் வைத்துக் குனிந்தார்.

முடி இல்லை. புள்ளிகள் இருந்தன. நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி, கடுகு சிதறினமாதிரி. புல்போரில் புள்ளி. தண்ணீரில் புள்ளி. நாற்பத்தோரு நாள் ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிசாகத் தடவித் தடவிக் கொண்டுவந்த அந்த மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சளே இல்லாத இடமெல்லாம் இருந்தது.

குணபத்திரன் ஏதோ கேட்டார், உதடு அசைந்தது தெரிந்தது. தன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து தானே வந்து “யாரு வேணும்?” என்று கேட்டமாதிரி இருந்தது ராயப்பனுக்கு.

“மேடம்,” என்றார் கடைசியில். “இது நான் வரைஞ்சது இல்ல.”

“அப்பாடா,” என்றார் டாக்டர்.

“ஆனா வரைஞ்சது நான்தான்.”

டாக்டர் அவர் கண்களைத் தொழில்முறையில் ஒரு பார்வை பார்த்தார்.

“என் படத்த எவனோ போட்டோ புடிச்சி, என் சட்டத்துலயே அடிச்சி வச்சிருக்கான். எனக்குத் தெரியல மேடம். நான் படத்தோட முதுகப் பாத்து சத்தியம் பண்ணிட்டேன். நாளைக்கி மத்தியானத்துக்குள்ள அசல கொண்டாந்துடறேன். இல்லன்னா பன்னெண்டையும் கழட்டிடுங்க, நானே வந்து கழட்டறேன்.”

படியிறங்கும்போது குணபத்திரன் அவரை ஒருமாதிரி பார்த்து மெதுவாகக் கேட்டார். “அண்ணே, உங்க மச்சான் பிளக்ஸ் கடைதானே வச்சிருக்கான்.”

ராயப்பன் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், தனியாக பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். டீ குடிக்கத் தோன்றவில்லை.

*

மச்சான் ரஞ்சித்தின் கடை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். உள்ளே மிஷினிலிருந்து ஒரு காதுகுத்து பேனர் அங்குலம் அங்குலமாக வந்துகொண்டிருந்தது. தாய்மாமனின் மூக்கு வந்திருந்தது, மீசை இன்னும் வரவில்லை.

மாமா வாசலில் வந்து நின்ற நிலையைப் பார்த்ததும் ரஞ்சித் மிஷினை நிறுத்தினான்.

“தெரிஞ்சிடுச்சா மாமா?”

ராயப்பன் அடிக்கத்தான் வந்திருந்தார். இருபத்தைந்து மைல் தூரமும் எந்தக் கையால் அடிப்பது என்பதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தார். வலது கை வரைகிற கை, அதனால் இடது என்று முடிவாகியிருந்தது. ஆனால் அவன் இப்படிக் கேட்டதில் அடிக்க வேண்டிய இடம் நழுவிப்போனது.

“ஏன்டா. இன்னாத்துக்குடா இப்படிப் பண்ண?”

“நானா பண்ணேன். அக்கா கேட்டுச்சி. நாலு துண்டா போட்டோ எடுத்து, ஒட்டி, கேன்வாஸ்ல அடிச்சிக் குடுத்தேன். சட்டத்துல மாட்டி வார்னிஷ் அடிச்சதுகூட அக்காதான். நீதான் சொல்லி அனுப்புனன்னு நெனச்சேன் மாமா. அப்புறமாத்தான், மாமாகிட்ட மூச்சு உடாதன்னிச்சி.”

“எந்த அக்கா?”

ரஞ்சித்துக்கு ஒரே அக்காதான்.

ராயப்பன் அங்கிருந்த பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார். படத்தை இவனிடம் எடுத்துக்கொடுத்தது யாராக இருக்கும் என்று யார் யாரையோ நினைத்துப் பார்த்திருந்தார், பட்டறையில் பேக்கிங் செய்கிறவர், பார்சல் வண்டிக்காரர், ஏன், குணபத்திரனையேகூட. தன் மனைவி ஆரோக்கியசெல்வி அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. படம் காய்கிற ஒரு மாதம் பட்டறையில் வைத்தால் லாரிப் புழுதி ஒட்டும் என்று அவரவர் படத்தை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். புழுதி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர் ஒப்படைத்ததே அவளிடம்தான்.

“ஜல்தியா போ மாமா,” என்றான் ரஞ்சித். “அக்காவ திட்டாத. திட்டறதுன்னா என்னையும் சேத்துத் திட்டு.”

*

ரோசணையில் அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வேலை நாளில், மத்தியானம் மூன்றரை மணிக்குத் தன் வீடு எப்படி இருக்கும் என்பதை ராயப்பன் பார்த்ததே இல்லை.

ஆரோக்கியசெல்வி வாசலுக்கு முதுகைக் காட்டியபடி மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, காலண்டர் தொங்குகிற ஆணியில், பலகையில் குண்டூசி குத்திய உப்பங்கழி தொங்கியது. காலண்டர் கீழே சுருண்டு கிடந்தது.

சத்தம் போட வாயைத் திறந்தவர், போடவில்லை. அவள் ஒரு தையல் ஓட்டி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். குனிந்து அடுத்த தையல் ஓட்டினாள். மறுபடி தூக்கிப் பார்த்தாள். அப்புறம் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே பார்த்தாள். தெருவில் யார் போகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற அதே சாதாரணப் பார்வை. படத்தைப் பார்க்கிறவர்கள் ராயப்பனிடம் எத்தனை நாள் ஆச்சு, எத்தனை அடி என்று கேட்பார்கள். இப்படி யாரும் பார்த்து அவர் பார்த்ததில்லை.

நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

“செல்வி.”

அவள் திரும்பினாள். “இன்னாயா இந்நேரத்துல, ஒடம்பு சரியில்…” அவர் முகத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். மிச்சத்தைக் கேட்கவில்லை.

“அது இன்னா?” என்றார் ராயப்பன், அது என்னவென்று நாற்பத்தோரு நாள் தெரிந்திருந்தவர்.

“எனக்கோசரம் எடுத்து வச்சிகினேன்.”

“என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா இன்னா சொல்லியிருப்ப. அது ஆர்டரு, தொடாதன்னிருப்ப. கல்யாணமான வருஷம் ஒரு மயிலு வரைஞ்சி குடுய்யான்னு கேட்டேன். எலக்சன் முடியட்டும்ன. எத்தினி எலக்சன் முடிஞ்சிது.”

ராயப்பன் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினார். உள்ளாட்சித் தேர்தலையும் சேர்த்தால் விரல் போதவில்லை.

“ஜில்லால இருக்கற செவுத்துலல்லாம் நீ எழுதன. நம்ம வூட்டு செவுத்துல இன்னா எழுதன? கேஸ் புக் பண்ற நம்பரு. அதுவும் கரிக்கட்டில.” அவள் குரல் உயரவில்லை. சண்டைக்கு இழுத்திருந்தால் ராயப்பனுக்கு வசதியாக இருந்திருக்கும். “மத்த பதினொண்ணும் இங்கதான காய்ஞ்சிது. போச்சு, உட்டுட்டேன். இது வந்தப்புறம் அனுப்ப மனசு வரல. ராத்திரி நீ வர்ற நேரத்துக்கு பீரோ சந்துல சொருகிடுவேன்.”

“விழுப்புரத்துல கண்டுபுடிச்சிட்டாங்க. நான் நடுக் கூடத்துல நின்னுகினு, என் கையால வரைஞ்சதுதான்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன் செல்வி.”

மிஷின் சக்கரத்தின்மேல் இருந்த அவள் கை அப்படியே நின்றது.

“எதப் பாத்து?”

“நீ அனுப்புனத.”

“படத்தப் பாத்தியா? கிட்டக்க?”

“பாத்தேன். இதான் பெஸ்ட்டுன்னு வேற சொன்னேன்.”

இப்போது அதிர்ந்துபோனவள் அவள். சத்தியத்தைவிட அதுதான் அவளைத் தாக்கியது என்று முகத்தில் தெரிந்தது. “உனக்கே தெரியலயா? நான் சுத்திக் குடுத்த மூட்டைய நீ வண்டில கட்டறப்போ எனக்குத் திக்கு திக்குன்னு இருந்திச்சி. பிரிச்சா ஒரு செகண்டுல கண்டுபுடிச்சிடுவன்னு நெனச்சேன். அன்னிக்கி சோறு எறங்கல எனக்கு.” தனக்குத்தானே சொல்வதுபோல, “உனக்குத் தெரியலயா,” என்றாள்.

கோபத்தோடு வந்தவர் அவர். இப்போது கோர்ட்டில் ஆள் மாறி நிற்பதுபோலத் தான் நிற்பதை உணர்ந்தார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தார். ஆஸ்பத்திரியில் டியூப் லைட், தூரம், வயசு. அவருக்கே எதுவும் பொருந்தவில்லை. லென்ஸில் தெரிந்த புள்ளிகளைவிட இது மோசமாக இருந்தது.

ஆரோக்கியசெல்வி எழுந்து ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினாள். முந்தானையால் ஓரத்தைத் துடைத்தாள். “பழைய நூல் பொடவ ஒண்ணு எடு. சுத்தணும். நாளைக்கி நானும் வர்றேன்.”

“நீ எதுக்கு?”

“உன் சத்தியத்தப் பொய்யாக்குனது நானு. நீ போய் இன்னான்னு சொல்லுவ?”

*

மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கூடத்தில் குணபத்திரன் இவர்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். இரவு தூங்காதவர் முகம். ஆரோக்கியசெல்வி புடவைச் சுற்றைப் பிரித்தாள். நாற்காலி வரிசைமேல் படத்தைச் சாய்த்துவைத்தாள். யார் கேட்பதற்கும் முன்னால் டாக்டரிடம் சொன்னாள்:

“நான்தாங்க மாத்தினேன். இவருக்குத் தெரியாது. இந்த சாருக்கும் தெரியாது. எங்க வூட்ல மாட்டிக்க ஆசப்பட்டு வச்சிகினேன். தப்புதாங்க.”

“தப்புதான்,” என்றார் டாக்டர் ஞானமதி. திட்டுவதற்குச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டதில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். பன்னிரண்டாவதைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். லென்ஸை எடுத்து அசலை மூலைக்கு மூலை பார்த்தார். முடியிருக்கும் இடத்தில் நகத்தை வைத்தார். நகம் தட்டியது.

“இதுல வண்ணம் இருக்கு,” என்றார். குணபத்திரன் தைரியம் வந்து கண்ணை மூடி அருகனையோ யாரையோ கும்பிட்டார்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. சிலுவை கீறிய சட்டத்திலிருந்து பிரிண்ட்டைப் பிய்த்து எடுத்தார்கள். அசலைப் பலகையிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதற்கு ராயப்பன் நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டுப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் பிரிண்ட் பலகைமேலும் அசல் தரையிலும் என்று இடம் மாறியிருந்தன. யார் எடுத்து யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ராயப்பன் நின்று இரண்டையும் பார்த்தார், எது எது என்று பிடிபடவில்லை. எல்லார் முன்னாலும் நகத்தை வைத்துப் பார்க்கவோ லென்ஸைக் கேட்கவோ வெட்கமாக இருந்தது. ஆனது ஆகட்டும் என்று குணபத்திரன் ஒன்றைக் கையில் எடுத்து, “இதாண்ணே, கட்டுங்க,” என்றார்.

“அது இல்லீங்க,” என்றாள் ஆரோக்கியசெல்வி, வாசல் பக்கத்துப் பெஞ்சியில் புடவையை மடித்தபடி. இருபதடி தூரம் இருக்கும்.

டாக்டர் குனிந்து லென்ஸை வைத்தார். புள்ளிகள். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“அங்கேயிருந்து எப்படிம்மா தெரிஞ்சிது?”

“அதுல எப்பவும் ஒரே நேரங்க. இவரு வரைஞ்சதுல காலைல தண்ணி ஈயம் மாதிரி இருக்கும். பதினோரு மணிக்கு நடு போரு மட்டும் முன்னால வரும். மூணு மணிக்கு மேல சன்னல் வெயிலு திரும்புச்சின்னா அந்த மஞ்சளு கொஞ்சம் கொஞ்சமா எறங்கி, ஆறு மணிக்கு தண்ணில வந்து நிக்கும். கரண்ட்டு இல்லாத அன்னிக்கி மெழுகுவத்தில பாத்தா போரே தெரியாது, வானம் மட்டும்தான். அந்த இன்னொண்ணு அப்படியெல்லாம் இல்லீங்க, சும்மா மாட்டனது மாட்டனமாதிரி இருக்கும்.”

ராயப்பன் கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி நின்றார். மெல்லிசான பூச்சு ஒன்றின்மேல் ஒன்றாகப் போனால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும், நேரத்துக்கு நேரம் படம் மாறும் என்பது அவருக்கு வேலையாகத் தெரியும். குணபத்திரன் முதல் மாதம் புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்காட்டியது. ஆனால் அது உண்மையில் நடக்கிறதா என்று ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. வரைந்து முடித்ததும் அடுத்ததற்குப் போய்விடுவார். அவர் வரைந்த படம் ஆறு மணிக்கு என்ன செய்யும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் பதினொரு படங்களையும் வரிசையாக ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்தச் சுவரில் ஜன்னல் வெளிச்சம் எத்தனை மணிக்கு விழும் என்று நர்ஸிடம் விசாரித்தார். பன்னிரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகிற போக்கில் ராயப்பனிடம், “உங்க கண்ணுல ஒரு கோளாறும் இருக்காது. இருந்தாலும் காட்டிட்டுப் போங்க,” என்றார்.

அசல் சுவருக்குப் போனது. பிரிண்ட்டை என்ன செய்வது என்று குணபத்திரன் கேட்டார். ஆரோக்கியசெல்வி அதைத் தொடவில்லை. இனிமேல் எந்தப் படமும் காய்வதற்கு யார் வீட்டுக்கும் போகாது, பட்டறை ஜன்னலுக்கு வலை அடித்துவிடுகிறேன் என்று குணபத்திரன் அப்போதே அறிவித்தார். சட்டம் இயற்றியதும்தான் அவர் முகத்தில் ரத்தம் வந்தது.

பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு கிடைத்தது. பேரணி ஸ்டாப் வரைக்கும் ராயப்பன் பேச்சை எங்கே தொடங்குவது என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

“உனக்கு ஒண்ணு வரைஞ்சி தர்றேன் செல்வி. காப்பி இல்ல. நானே சொந்தமா யோசிச்சி, நம்ம கழுவேலி ஏரிய…”

“வேணாம்.”

“ஏன்?”

“அதே தான் வேணும். அந்த மூணு போரு, அந்தத் தண்ணி. நீ யோசிச்சி எதுனா மயிலு கியிலு உட்டுடாத.”

“மயிலு நீதான கேட்ட.”

“அப்போ கேட்டேன். இப்ப அதான் வேணும்.” அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். “லீவு நாள்ல வூட்லயே வரையி. முடிஞ்சிதுன்னு நீ சொல்லாத. செவுத்துல மாட்டிட்டு நாலு வேளையும் நான் பாப்பேன். அந்த மஞ்சளு ஆறு மணிக்கு தண்ணிக்கி வர்ல, திருப்பிக் குடுத்துடுவேன்.”

“திருப்பிக் குடுப்பியா?”

“பின்ன?”

ராயப்பன் இரண்டு கையையும் முட்டிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். அமெரிக்காவுக்கும் விழுப்புரத்துக்கும் எத்தனையோ வானம் வரைந்து அனுப்பியாயிற்று, எவரும் இப்படி ஒரு கண்டிஷன் போட்டதில்லை. அந்த மஞ்சளில் முதலில் எது போட்டோம், ஓக்கர் மஞ்சளா, வெள்ளையா என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. பஸ் திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறும்போது அவருக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது.